கத்திரியார் வீட்டுக்கு ஒரு புகார்

அவருக்குப் பெற்றவர்கள் ஆசை ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் அது பத்திரமாக இருந்தது. அங்கிருந்து அதை எடுத்துப் புழங்க யாருக்கும் தோன்றவில்லை. கூட வேலை பார்த்தவர்களுக்கும் சரி, வாடகை வீடுகளில் குடியிருந்தவர்களுக்கும் சரி, அவர் கத்திரியார்தான்.

வாடகைக்கு விட்ட வீடுகள், ஆபீஸ்கள், கடைகள் என்று எல்லா இடத்திலும் பிளக் வைத்த சாமான்களை வருடத்துக்கு ஒரு முறை சோதித்தாக வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். ஒயர் நைந்திருக்கிறதா, பிளக்குக்குள் சரியான ஃபியூஸ் இருக்கிறதா, எர்த் ஒழுங்காகப் போகிறதா, கரண்ட் எங்காவது கசிகிறதா என்று பார்த்து, தேறினால் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், தேறாவிட்டால் சிவப்பு. இந்த வேலையை எடுத்துச் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் பதினேழு வருடமாக இருந்தார். மற்ற சோதனைக்காரர்கள் சிவப்பை ஒட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் தலை மறைந்த கையோடு வீட்டில் உள்ளவர்கள் ஸ்டிக்கரைச் சுரண்டிப் போட்டுவிட்டு அதே கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைப்பார்கள். இவரிடம் அந்தப் பாச்சா பலிக்காது. சட்டைப்பையிலிருந்து ஒயர் வெட்டும் கத்திரியை எடுப்பார், பிளக்கை நறுக்கென்று வெட்டுவார், உரியவர் உள்ளங்கையில் வைப்பார்.

“இத நீங்க வச்சுக்கலாம். மிச்சத்தத் தூக்கிப் போட்டுடுங்க.”

இதனால் அவருக்குக் கிடைத்த வசவுகளுக்கு அளவில்லை. ஒரு வீட்டில் ஒரு அம்மாள், “இது என் மாமியார் குடுத்த அயர்ன் பாக்ஸ்” என்று கண் கலங்கினார். கத்திரியார் பாவம், ஒரு நிமிஷம் கை தாழ்த்தி நின்றார். “நிக்காதீங்க சார், அவங்க வர்றதுக்குள்ள வெட்டிடுங்க” என்றார் அந்த அம்மாள்.

ஆபீஸ்களில் வேறு கூத்து. சோதனை நாள் என்று தெரிந்துவிட்டால் அங்கே பாதிச் சாமான் மாயமாகிவிடும். கால் குளிருக்கென்று மேஜைக்கடியில் வைத்திருக்கும் ஹீட்டர் பீரோவுக்குள் போகும். ஓட்டை விழுந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யாருடைய கைப்பைக்குள்ளாவது போகும். கத்திரியார் சுவரில் கெட்டில் ஆவி படிந்த கறையைப் பார்ப்பார், கெட்டில் எங்கே என்று கேட்பார். மேனேஜர் ஜன்னலைப் பார்ப்பார். இவர் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எத்தனை நேரம்தான் ஒரு ஆபீஸ் டீ குடிக்காமல் இருக்கும்? இருபதாவது நிமிஷம் யாராவது ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு கெட்டிலோடு வந்து நிற்பார்.

அதே கம்பெனியில் இன்னொரு சோதனைக்காரர் இருந்தார். அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். சாமானைத் தொடவே மாட்டார், வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார், தேறியதா இல்லையா என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் தேறிவிடும். கத்திரியார் ஒரு நாளில் எண்பது சாமான் பார்த்தால் எக்ஸ்ரே முந்நூறு பார்ப்பார். வருடக் கடைசியில் நல்ல உழைப்பாளி என்று ஒருவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்குவார்களே, அது யார் என்று சொல்லத் தேவையில்லை. “அவன் கண்ணுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும்” என்று கத்திரியார் பொருமுவார்.

இந்த மனுஷரிடம் உண்மையிலேயே மெச்ச வேண்டிய குணம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் போனால் எனக்குத்தான் பாவம். யாராவது ஷாக் அடிக்கிறது என்று புகார் கொடுத்தால் கம்பெனி ஆள் அனுப்பும். அப்படிப் போகிறவர்கள் சாமானைத் தொடுவதற்கு முன்னால் புகார் கொடுத்தவரை உட்கார வைத்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்பது விதி. எல்லோரும் ‘லேசான ஷாக்’ என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கத்திரியார் மட்டும் கேட்டுக் கேட்டு எழுதுவார். ஒரு தடவை மாடி அறை ஒன்றில் ஒரு கிழவர், தன் ஃப்ரிட்ஜ் மழை பெய்தால் மட்டும் கடிக்கிறது என்றார். எக்ஸ்ரே ஏற்கெனவே அங்கே போய்ச் சிரித்துவிட்டு வந்திருந்தார். கத்திரியார் சிரிக்கவில்லை. எந்த மழை, சாரலா பெருமழையா, எந்தப் பக்கம் தொட்டால் என்று முக்கால் மணி நேரம் கேட்டார். கடைசியில் ஜன்னல் வழியாகச் சாரல் இறங்கி ஃப்ரிட்ஜின் பின்னால் ஒயர் இணைப்பு நனைகிற இடத்தைக் கண்டுபிடித்தார். கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “அவர் தொட்டாரு, நீ தொடல. அவர் சொல்றதக் கேட்டு எழுதறத விட்டுட்டு உனக்கென்ன இளிப்பு?” என்று மறுநாள் கத்திரியார் எக்ஸ்ரேயை ஆபீஸில் எல்லோர் முன்னாலும் பிடித்து வாங்கிவிட்டார்.

இப்பேர்ப்பட்டவர் சாயங்காலம் வீட்டுக்குப் போவார். அங்கே ஒரு மனைவி இருந்தாள்.

அவர்களுடையதும் வாடகை வீடுதான். இரண்டாவது மாடி, இரண்டு அறை, சமையலறைக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு சின்னத் தடுப்பு. அதில் ஓனர் கொடுத்த வாஷிங் மெஷின், பக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் குழாய். ஒரே மகள் வெளியூரில் தங்கிப் படித்தாள். குடிவந்தபோது ஓனர், “உங்களுக்கென்ன, செக்கிங் ஆளே வீட்டுல இருக்கார். வருஷா வருஷம் நான் வேற ஆளக் கூப்பிட்டு எதுக்கு, நீங்களே பாத்துக்குங்க” என்றார். கத்திரியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாத்துக்கிறேன் என்றார். நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டும் இருந்தார், சாப்பாட்டு மேஜையிலிருந்து.

மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வாசல் மேஜை வேலை. எங்கே வலி, எப்போதிலிருந்து, சூடு பட்டால் வலிக்கிறதா, குளிர்ச்சி பட்டால் வலிக்கிறதா என்று காலையிலிருந்து மாலைவரை கேட்டு எழுதுபவள். அவளும் படிவக்காரிதான். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

“ஏங்க, அந்த மெஷினத் தொட்டா கையில சுர்ருங்குது.”

“ஈரக் கையோட தொட்டிருப்ப.”

“துணி தொவைக்கிறப்ப கை ஈரமா இல்லாம எப்படி இருக்கும்?”

“அதான் சொல்றேன்.”

அவர் எழுந்து போய் மெஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாதுதான். அவருக்குக் குதிகால் வலி. வீட்டுக்குள்ளும் தடிமனான ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் உத்தரவு. மனைவி வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று துவைப்பவள். வேறு எந்த வீடாக இருந்தாலும் முதலில் காலைத்தான் பார்த்திருப்பார். இங்கே பார்த்தது, சாம்பார் ஆறிப்போகிறதே என்று சாப்பாட்டுத் தட்டை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி சொன்னாள். “சில பேர் உடம்பு அப்படி. கம்பளித் துணி பட்டாக்கூட அவங்களுக்குச் சுர்ருங்கும்” என்றார். அவளுடைய உடம்பு அப்படி என்று கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். வழி மட்டும் கண்டுபிடித்தாள். மெஷினின் மேல் ஒரு மரக் கரண்டி வந்து உட்கார்ந்தது. பட்டனை அமுக்கக் கரண்டி, கதவை நெம்பித் திறக்கக் கரண்டி, துணியை வெளியே இழுக்கவும் அதே கரண்டி. கத்திரியார் அதைப் பார்த்துவிட்டு, சமையலறைச் சாமானுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். அவள் சொன்னாள். மறுநாள் ஆபீஸில் டீ குடிக்கிற இடத்தில் அவர் அதைச் சொன்னார். எங்க வீட்டுல துணியச் சமைக்கிறாங்கப்பா என்று ஆரம்பித்து, கரண்டியைப் பிடித்துக் காட்டி, நடித்தும் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எக்ஸ்ரேகூடச் சிரித்தார். அவர்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பதினோராவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் கரண்டியை மறந்து கையால் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். அதை அவர் பார்த்துவிட்டார். “இரு, இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்” என்று எழுந்தார். சோதனைப் பெட்டியை வண்டியிலிருந்து எடுத்துவந்தார். வாஷிங் மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் தன்னுடைய பெட்டியில் சொருகினார். தகட்டில் கிளிப் மாட்டினார். எர்த் சோதனை, கசிவுச் சோதனை, ஃபியூஸ், ஒயர் என்று ஒன்று விடாமல் முறைப்படி பார்த்தார். எல்லாமே தேறின. சும்மா தேறவில்லை, அந்த வருடம் அவர் பார்த்த வாஷிங் மெஷின்களிலேயே இதுதான் உத்தமம்.

ஒன்றே ஒன்றைத்தான் விட்டார். வெளியிடங்களுக்குப் போனால் முதல் காரியமாகச் சட்டைப்பையிலிருந்து மூன்று விளக்கு வைத்த ஒரு குட்டி பிளக்கை எடுத்துச் சுவர் சாக்கெட்டில் சொருகிப் பார்ப்பார். சுவரில் கோளாறு இருந்தால் அவருடைய பெட்டி கெட்டுப்போகும் என்று அப்படி ஒரு வழக்கம். சுவருக்குள் இருப்பதைச் சரிசெய்வது எலக்ட்ரீஷியன் பாடு, சோதனைக்காரர் வேலை பிளக்கோடு முடிந்தது. ஆனால் தன் பெட்டியைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவாவது அந்த மூன்று விளக்கைப் பார்த்துவிடுவார். அன்று பார்க்கவில்லை. சொந்த வீட்டுச் சாக்கெட் நமக்குத் தெரியாதா என்று, பெட்டியை அதிலேயே இருந்த பேட்டரியில் ஓட்டிவிட்டார்.

பச்சை ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து அவள் கண் மட்டத்துக்கு நேராக ஒட்டினார். தேதி எழுதினார், கையெழுத்தும் போட்டார்.

“பாத்துக்க. இனிமே சுர்ருங்காது.”

அடுத்த வாரம் அவள் ஒரு கையால் குழாயைத் திருகிக்கொண்டே இன்னொரு கையால் மெஷின் கதவைப் பிடித்தாள். தோள் வரைக்கும் சுண்டி இழுத்தது. கையை வெடுக்கென்று பிடுங்கிய வேகத்தில் முழங்கை சுவரில் மோதிக் கன்றிப்போனது. சாயங்காலம் கத்திரியார் வந்ததும் கையைக் காட்டினாள்.

“குழாயத் தொறந்துட்டு இருந்தேங்க, அப்போ…”

“ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேனே, பாக்கலயா?”

அவள் பார்த்தாள். நின்று நிதானமாகப் பார்த்தாள். ஸ்டிக்கரின் அடியில் பொடி எழுத்தில், புகார் தெரிவிக்க என்று ஒரு ஃபோன் நம்பர் போட்டிருந்தது. பதினேழு வருடமாக அந்த நம்பரை ஆயிரக்கணக்கான சாமான்களில் ஒட்டியவர் அவளுடைய புருஷன். அது தன் வீட்டுக்கும் பொருந்தும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் இல்லாத நேரம் பார்த்து அவள் அந்த நம்பருக்குப் பேசினாள்.

அதற்கடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் கத்திரியாரின் செல்ஃபோனில் அன்றைய வேலைப் பட்டியல் வந்தது. நாலாவது வரியில் ஒரு விலாசம். புகார், வாஷிங் மெஷினில் ஷாக், குடியிருப்பவர் பெண், பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் போக வேண்டும் என்றிருந்தது. விலாசத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு, ஆட்களை அனுப்பும் மேஜையில் இருந்த அம்மாளைக் கூப்பிட்டார்.

“அம்மா, நாலாவது வேலை தப்பா வந்திருக்கு.”

“ஒரு தப்பும் இல்ல. நேத்து நானே பேசினேன். ரொம்பத் தெளிவா சொன்னாங்க. ஏங்க?”

“அது என் வீடு.”

அந்தப் பக்கம் இருமுகிற சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்குகிற சத்தமாகவும் இருக்கலாம்.

“அப்போ எக்ஸ்ரேய அனுப்பட்டுமா?”

கத்திரியார் ஒரு கணம் யோசித்தார். எக்ஸ்ரே தன் வீட்டு வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, பச்சை ஸ்டிக்கர் இருக்கே, அப்புறமென்ன என்று திரும்பிப் போவதை நினைத்துப் பார்த்தார்.

“வேணாம். நானே போறேன்.”

அடுத்ததாக வீட்டுக்குப் போட்டார்.

“என்ன விளையாட்டு இது?”

“மெஷின் பாக்க ஆள் வருதுன்னு அரை நாள் லீவு போட்டுட்டு உக்காந்திருக்கேன். நீங்க வேலை நேரத்துல ஃபோன் பண்ணாதீங்க” என்று வைத்துவிட்டாள்.

பதினொன்றே காலுக்குத் தன் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றார். சாவியை எடுத்தார். எடுத்த சாவியைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு பெல்லை அமுக்கினார். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

“அடையாள அட்டை?”

கழுத்திலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். அவள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சங்கிலியை எடுத்தாள்.

“வாங்க சார்.”

“இதோ பாரு, ஆபீஸ்ல எல்லாரும்…”

“மெஷின் பின்னாடி இருக்கு சார். முதல்ல ஏதோ எழுதணும்னு சொன்னாங்களே.”

அவள் முகத்தில் சிரிப்பு இருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அது இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் தங்களுக்குப் பழகிய வேலையைச் செய்வார்கள். அவரும் சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார். வாய் தன்பாட்டுக்குக் கேட்டது.

“எப்போலேந்து இப்படி இருக்கு?”

“பதினொரு மாசமா.”

பதினொரு மாதம் என்று எழுதினார். இவ்வளவு நாளா என்று கேட்கப் போனவர், கேட்கவில்லை.

“எந்த இடத்துல தொட்டா?”

“கதவச் சுத்தி இருக்கிற தகடு. கீழ ஒரு எடத்துல பெயிண்ட் உரிஞ்சிருக்கு, அங்க இன்னும் மோசம்.”

“எப்படி இருக்கும்?”

“காஞ்ச நாள்ல எறும்பு ஊர்ற மாதிரி. தரை ஈரமா இருந்தா மணிக்கட்டு வரைக்கும். ஒரு கை குழாயில இருந்து இன்னொரு கை மெஷின்ல பட்டா தோள் வரைக்கும் இழுக்கும்.”

பேனா நின்றது. குழாய் பூமியோடு சேர்ந்தது. மெஷினும் எர்த் வழியாகப் பூமியோடு சேர்ந்திருந்தால் இரண்டையும் ஒன்றாகத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. வேறு வீட்டில் யாராவது அந்தக் குழாயைப் பற்றி வாயெடுத்திருந்தால் அவர் அன்றைக்கே எழுந்து ஓடியிருப்பார்.

“குழாய் விஷயம் நீ சொல்லவே இல்லயே.”

“ஆரம்பிச்சேன் சார். ஸ்டிக்கரப் பாக்கச் சொன்னாங்க, பாக்கப் போயிட்டேன்.”

அவர் எழுந்து பின்னால் போனார். மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். சட்டைப்பையிலிருந்து அந்த மூன்று விளக்குப் பிளக்கை எடுத்துச் சாக்கெட்டில் சொருகினார். இரண்டு விளக்கு எரிந்தது. எர்த்துக்கு உண்டான மூன்றாவது எரியவில்லை. பிடுங்கி மறுபடி சொருகினார். விரலால் தட்டினார், ஊதினார், துடைத்தார். போன வருடம் ஓனர் புதுப் பெயிண்ட் அடித்த சுவர், அப்போது மாற்றிய பளிச்சென்ற வெள்ளைச் சாக்கெட், மூன்று ஓட்டை. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அவர் தேற வைத்த மெஷின் உண்மையிலேயே உத்தம மெஷின்தான். தனக்குள் கசிகிற கொஞ்சநஞ்ச கரண்டை எர்த் வழியாக ஒழுங்காக அனுப்பப் பார்த்தது. சுவரில் போக வழியில்லாததால் அது தகட்டிலேயே நின்றது. யார் தொட்டார்களோ அவர்கள் வழியாகப் போனது.

கத்திரியார் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்போது கசிந்தது கொஞ்சம்தான், அது ஆளைக் கொல்லாது. ஆனால் மெஷினுக்குள் தண்ணீரைச் சுட வைக்கும் கம்பி என்றைக்காவது ஒரு நாள் வெடிக்கும், எல்லா மெஷினிலும் என்றைக்காவது வெடிக்கும். அன்றைக்கு மொத்தக் கரண்டும் தகட்டில் வந்து நிற்கும். ஃபியூஸ் போகாது, எதுவும் அணையாது. வாரத்துக்கு மூன்று நாள் வீதம் பதினொரு மாதம் அவள் இங்கே வெறுங்காலோடு நின்றிருக்கிறாள், கையில் ஒரு மரக் கரண்டியை மட்டும் வைத்துக்கொண்டு. அந்தக் கரண்டியைத்தான் அவர் டீ குடிக்கிற இடத்தில் நடித்துக் காட்டினார். இத்தனை வருட வேலையில் அவர் கரண்டுக்குப் பயந்தது அன்றுதான்.

அங்கேயே உட்கார்ந்தபடி ஓனருக்கு ஃபோன் போட்டார். எலக்ட்ரீஷியன் உடனே வர வேண்டும், சுவரில் எர்த் இல்லை என்றார்.

“அய்யோ, இவ்வளவு நாளா யாரும் சொல்லலயே” என்றார் ஓனர். “நீங்க இருக்கீங்கன்னு நாங்க நிம்மதியா இருந்தோம்.”

கத்திரியார் ஃபோனை வைத்துவிட்டு மேஜைக்குத் திரும்பினார். சாக்கெட்டை யாரும் தொட வேண்டாம், எலக்ட்ரீஷியன் மூன்று மணிக்கு வருவார் என்று சொன்னார். படிவத்தை மடிக்கப் போனார்.

“மிச்சத்த நான் ஆபீஸ்ல நிரப்பிக்கறேன்.”

“ஆறும் ஏழும் கேக்கலயே சார்.”

தலைகீழாக இருக்கிற படிவத்தைப் படிப்பது அவளுக்கு அன்றாட வேலை. அவர் மடித்ததைப் பிரித்தார். ஆறாவது கேள்வியைப் படிவத்தில் இருந்தபடியே, தலையைத் தூக்காமல் வாசித்தார்.

“இதற்கு முன் யாரிடமாவது தெரிவித்தீர்களா? அவர் என்ன சொன்னார்?”

“வீட்டுல ஒருத்தர் இருக்கார். இதே வேலைதான், ரொம்ப விவரமானவர். அவர்கிட்ட சொன்னேன்.”

“என்ன சொன்னார்?”

“முதல் தடவை, ஈரக் கையோட தொட்டிருப்பன்னார். அப்புறம் உன் உடம்பு அப்படின்னார். கடைசியா, ஸ்டிக்கரப் பாக்கலயான்னார்.”

மூன்றையும் எழுதினார். விதி அப்படி. இந்தப் படிவம் நாளைக்கு அந்த அனுப்புகிற அம்மாளின் மேஜைக்குப் போகும். அங்கிருந்து எங்கெங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். மூன்றாவதை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது.

“அதன் பிறகும் சாதனத்தைப் பயன்படுத்தினீர்களா? ஏன்?”

“பயன்படுத்தினேன்” என்றாள். கன்றிப்போன முழங்கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். மறுபடி பேசியபோது அதில் சார் இல்லை.

“தொடும்போதெல்லாம் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்லிட்டீங்களே. என் கைய நம்பறதா, உங்கள நம்பறதான்னு வந்துச்சு. உங்கள நம்பினேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, அந்த ஒரே வரியில் இடம் போதாமல் ஓரத்தில் ஏற்றி, ஒரு சொல் விடாமல் எழுதினார். எழுதி முடித்ததும் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“சரியா எழுதியிருக்கேனா, படிச்சுப் பாரு.”